எந்த ஆபீஸ்? – கற்பனைச் சைரன்கள் பற்றி ஒரு விமர்சனம்

உலகத்தில் இல்லாத சைரன்களை வடிவமைப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் தலையில் இருக்கிற சைரன் இல்லை. கம்பத்து உச்சியில் நின்றுகொண்டு ஊருக்கே ஊதுமே, அந்தப் பெரிய எச்சரிக்கை சைரன். அமெரிக்காவில் டொர்னேடோவுக்கு ஊதுவது, இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டுவீச்சுக்கு ஊதியது, அந்த வகை. இவர்கள் ஒரு கம்பெனிப் பெயரைக் கற்பனை செய்வார்கள். ஒரு மாடல் நம்பர் கொடுப்பார்கள். முப்பரிமாணப் படம் வரைவார்கள். எத்தனை குதிரைத்திறன் மோட்டார், எத்தனை துளை, எத்தனை டெசிபல் என்று விவரக்குறிப்பு எழுதுவார்கள். சிலர் அது ஊதினால் எப்படிக் கேட்கும் என்று கம்ப்யூட்டரில் ஒலியையும் தயார் பண்ணிவிடுவார்கள். அந்தக் கம்பெனி எந்த வருஷம் திவாலானது, எந்த ஊரில் கடைசி சைரன் துருப்பிடித்து நிற்கிறது என்று வரலாறும் எழுதுகிறவர்கள் உண்டு.

கவிதைக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். இதுவும் ஒரு படைப்புதானே, இதற்கும் எழுதலாம் என்று தோன்றியது. நான் ஒலியியல் படித்தவனில்லை. பி.ஈ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் வேலை. ஆனால் அந்த வேலையில் பாதி, நடுராத்திரி அடிக்கிற அலாரத்துக்கு எழுந்து உட்காருவது. எந்த அலாரத்தை மனுஷன் மதிப்பான், எதை அணைத்துவிட்டுத் தூங்குவான் என்பதில் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது. கூடவே சொந்த ஊர் விருதுநகர் மாவட்டம். எச்சரிக்கை ஒலி பற்றி யோசிக்க எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு இருக்கும் காரணம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். இந்தப் படைப்பாளிகளுக்கு எந்திரம் தெரிகிறது. எந்திரச் சைரனின் தத்துவம் ரொம்ப எளிமையானது. சுவரில் துளைகள் உள்ள ஒரு உருளை. அதைச் சுற்றி, அதே மாதிரி துளைகளோடு அசையாமல் நிற்கும் இன்னொரு உருளை. உள்ளே இருப்பது சுழலும்போது காற்றை இழுத்து வெளியே தள்ளுகிறது. துளைக்கு நேரே துளை வந்தால் காற்று பாயும், சுவர் வந்தால் அடைபடும். இப்படி நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை வெட்டப்படும் காற்றுதான் சத்தம். துளை எண்ணிக்கையை நொடிக்கு எத்தனை சுற்று என்பதோடு பெருக்கினால் சுருதி கிடைத்துவிடும். நிமிடத்துக்கு 2,900 சுற்று சுற்றும் மோட்டாரில் 10 துளை வைத்தால் 483 ஹெர்ட்ஸ், 12 துளை வைத்தால் 580 ஹெர்ட்ஸ்.

இந்த 10-க்கு 12 என்பது சைரன் உலகத்தில் புகழ்பெற்ற ஜோடி. இரண்டும் சேர்ந்து ஊதினால் 5-க்கு 6 என்ற விகிதம். நம்ம கர்நாடக சங்கீதக் கணக்கில் சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம். பிரிட்டிஷ் போர்க்காலச் சைரனைக் கேட்டால் வயிற்றைப் பிசைகிற மாதிரி இருக்கிறதே, அதில் இந்த விகிதத்துக்கும் பங்கு உண்டு. கற்பனைச் சைரன் வரைகிறவர்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 8-க்கு 9 வைத்தால் கரகரப்பு, 8-க்கு 12 வைத்தால் கம்பீரம் என்று காதால் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த இடத்தில் இது உண்மையான கலைதான்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. இதுவும் அதே 6-க்கு 5. அதனால் அமெரிக்காவில் 10 துளை தரும் சுருதியும் இந்தியாவில் 12 துளை தரும் சுருதியும் ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே செய்த சைரனை அப்படியே கொண்டுவந்து நம்ம லைனில் மாட்டினால் ஒரு சாதாரண காந்தாரம் கீழே இறங்கி ஊதும். இந்தியச் சைரன் என்று பேர் வைத்து வரைந்தவற்றில்கூட இந்த இறக்கத்தை நான் பார்க்கவில்லை. எல்லாம் அமெரிக்கச் சுருதியிலேயே கத்துகின்றன. சின்ன விஷயம்தான். ஆனால் எந்த மண்ணில் நிற்கிறது என்பதை மறந்த சைரன்கள் இவை என்பதற்கு முதல் தடயம்.

அடுத்தது டெசிபல். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். 140, 150, ஒருவர் 165 போட்டிருந்தார். நிஜத்தில் செய்யப்பட்டவற்றில் பேர்போன ராட்சசன், 1950-களில் அமெரிக்காவில் கிரைஸ்லர் செய்தது. 180 குதிரைத்திறன் வி-8 கார் எஞ்சினை வைத்து ஊதினார்கள். 100 அடி தூரத்தில் 138 டெசிபல். அதற்கு மேல் போவதற்கு நிஜ உலகத்தில் தேவையும் வரவில்லை, காதும் தாங்காது.

சரி, எவ்வளவு தூரம் கேட்கும்? பாடப்புத்தகக் கணக்குப்படி தூரம் இரண்டு மடங்காகும்போது 6 டெசிபல் குறையும். தடையே இல்லாத வெட்டவெளிக்கு அது சரி. 138-ல் தொடங்கி, தெருச் சத்தத்தை மீறிக் கேட்க 70 வேண்டும் என்று வைத்து இந்த 6-ஐப் போட்டால் 78 கிலோமீட்டர் வருகிறது. அதாவது விருதுநகரில் ஊதினால் மதுரையைக் கடந்து மேலூருக்கும் அப்பால் கேட்கும்! கற்பனைச் சைரன்களின் விவரக்குறிப்பில் இந்த மாதிரி எண்களைத் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் கட்டடம், மரம், காற்று, வெப்பம் எல்லாம் இருக்கிற பூமியில் அமெரிக்க அவசரகால நிர்வாக அமைப்பு 1980-ல் போட்ட வழிகாட்டி, இரட்டிப்புக்கு 10 டெசிபல் குறையும் என்று கணக்கிடச் சொல்கிறது. அப்படிப் போட்டால் அதே கிரைஸ்லர் ராட்சசன் மூன்றரைக் கிலோமீட்டருக்குத்தான். 120 டெசிபல் சைரன் ஒரு கிலோமீட்டரைக்கூட முழுசாகத் தாண்டாது. 6-க்குப் பதில் 10 போடுவதில் ஒரு மாவட்டமே காணாமல் போய்விடுகிறது பாருங்கள்.

எங்கள் பக்கம் இது இன்னும் மோசம். கரிசல் மண், மத்தியான வெயில். தரையை ஒட்டிய காற்று கொதிக்கும், மேலே போகப்போகச் சூடு குறையும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்பதால் ஒலி அலை மெல்ல மேல்நோக்கி வளைந்துவிடும். கொஞ்ச தூரத்துக்கு அப்பால் தரையில் நிற்கிறவனுக்கு ஒலி நிழல்தான். ராத்திரியில் நிலைமை தலைகீழ், தரை குளிர்ந்து ஒலி கீழே வளையும். தூரத்து ரயில் சத்தம் ராத்திரியில் பக்கத்தில் கேட்பதற்கு அமைதி மட்டும் காரணமில்லை. கற்பனைச் சைரன்களின் படங்களைப் பார்த்தால் அநேகமாக எல்லாவற்றிலும் ராத்திரி அல்லது அந்திநேரம், பனிமூட்டம், பின்னணியில் பைன் மரம். அந்தச் சூழலில் அது நன்றாகவே கேட்கும். சாத்தூர் ரோட்டில் மத்தியானம் ஒரு மணிக்கு வைத்துப் பார்க்கணும்.

இதெல்லாம் பொறியியல் குறைகள். சொன்னால் திருத்திக்கொள்வார்கள். என்னுடைய பெரிய புகார் வேறு. இந்த விவரக்குறிப்புகளில் எடை இருக்கிறது, உயரம் இருக்கிறது, பெயின்ட் நிறம்கூட இருக்கிறது. இதைக் கேட்கிறவன் என்ன செய்யணும் என்று ஒரு வரி இல்லை.

நம்ம ஊரில் சைரனுக்குப் பேர் சங்கு. மில் சங்கு, நகராட்சிச் சங்கு. மதுரை ஹார்வி மில்லும் ராஜபாளையம் மில்களும் ஊதிய காலத்தில் அந்தச் சங்கை வைத்துத்தான் சுற்றியிருந்த வீடுகளில் உலை வைத்தார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினார்கள். கைக்கடிகாரம் இல்லாத ஊருக்குச் சங்கு கடிகாரம். ஜனவரி 30 அன்று காந்தி நினைவாக இரண்டு நிமிட மௌனத்துக்கும் அதுதான். 10:59-க்கு ஒரு நிமிடம் ஊதும், 11:02-க்கு மறுபடி ஒரு நிமிடம். இன்னொரு பக்கம் சாவு வீட்டில் ஊதுவதும் சங்கு. அதனால்தான் ‘அவனுக்குச் சங்குதான்’ என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். ஒரே சொல்லில் வேலைக்கு வா என்பதும், எழுந்து நில் என்பதும், ஆள் போய்விட்டார் என்பதும் இருக்கிறது. யாரும் குழம்புவதில்லை. எந்த நேரத்தில், எந்த வீட்டிலிருந்து, எப்படி ஊதுகிறது என்பதை ஊர் பழகி வைத்திருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் பழகின சங்கு எதுவும் ஓடிப்போ என்று சொன்னதில்லை. சிவில் டிஃபென்ஸ் வழக்கத்தில் ஏறி இறங்கி அலறினால் ஆபத்து, ஒரே சுருதியில் நீளமாக ஊதினால் ஆபத்து நீங்கியது. 2025 மே 7-ல் நாடு முழுக்க ஒத்திகை நடந்தபோது, தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடந்தது, இதைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தன. இன்றைக்கு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? நெதர்லாந்தில் ஒவ்வொரு மாசமும் முதல் திங்கட்கிழமை மத்தியானம் 12 மணிக்கு ஊதிப் பார்க்கிறார்கள். எந்திரம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமா? கேட்கிறவனின் காதும் துருப்பிடிக்கக் கூடாது.

பழகின அர்த்தம் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய்த் தீவுகளில் ஒரு கொடுமையான உதாரணம் நடந்தது. 2023 ஆகஸ்ட் 8, மாவி தீவில் லஹைனா ஊர் எரிந்தது. தீவில் 80 சைரன்கள் இருந்தன. ஒன்றும் ஊதவில்லை. அவசரகால நிர்வாகத்தின் தலைவர் பிறகு சொன்ன விளக்கம்: அங்கே சைரன் என்றால் சுனாமி, சுனாமி என்றால் மலைப்பக்கம் ஓடு என்று ஜனங்கள் பழகியிருக்கிறார்கள், ஊதியிருந்தால் தீ வரும் திசையிலேயே ஓடியிருப்பார்கள். மறுநாளே ராஜினாமா செய்தார். அவர் செய்தது சரியா என்ற வழக்கு இருக்கட்டும். எந்திரத்தில் பழுதில்லை, டெசிபல் குறைவில்லை. அந்த 80 சைரன்களுக்கும் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். அன்றைக்குத் தேவைப்பட்டது வேறு வாக்கியம்.

போபால் இதற்கு மறுபக்கம். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி ஆலையின் சைரன் ஊதத்தான் செய்தது. ஆனால் ஆலைக்குள் கேட்பதையும் ஊருக்குக் கேட்பதையும் தனித்தனியாக இயக்கும்படி முன்பே பிரித்து வைத்திருந்தார்கள். சின்னச் சின்னக் கசிவுக்கெல்லாம் ஊர் பதறக் கூடாதாம். அதனால் ஊருக்கான சைரன் கொஞ்ச நேரத்தில் நிறுத்தப்பட்டு, விஷவாயு தெருவெல்லாம் பரவிய பிறகுதான் மறுபடி ஊதியது. அதற்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான ஆலை என்றால் என்ன ஆபத்து, நடந்தால் என்ன செய்யணும் என்பதைத் தொழிலாளிக்கு மட்டுமில்லை, அக்கம்பக்கத்து ஜனங்களுக்கும் தெரிவிக்கணும் என்று அதில் சேர்த்தார்கள். நான் சொல்லும் அந்த விடுபட்ட வரி சட்டத்திலேயே இருக்கிறது. விவரக்குறிப்பில்தான் இல்லை.

இப்போது எங்கள் ஊர்ப்பக்கம்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள். ஆலை என்று செய்தித்தாளில் எழுதுவார்கள், பேச்சில் எல்லாம் ஆபீஸ்தான். வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். காலையில் ஊர் ஊராக வேன் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும். பட்டாசுக்குள் அடைக்கிற ரசாயனத்துக்குப் பேர் மருந்து. அந்த மருந்து உரசினாலோ, அளவு தப்பினாலோ, மிச்சம் வைத்தாலோ என்ன ஆகும் என்று இங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த ஊருக்கு சைரன் எதுக்கு என்று கேட்கலாம். ஆபத்து வருவதற்கு முன்னால் எச்சரிப்பதுதானே சைரன், இங்கே ஆபத்தே சைரன் மாதிரி வெடித்துக்கொண்டுதானே வரும்? உண்மைதான். முதல் வெடிக்கு எந்தச் சைரனும் உதவாது. கேள்வி இரண்டாவது வெடி பற்றி.

2012 செப்டம்பர் 5, புதன்கிழமை, முதலிப்பட்டி. மத்தியானம் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்து வெடித்தது. உள்ளே இருந்தவர்களில் பலர் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு, புகையைப் பார்த்து, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் பக்கத்து ஆலைகளிலிருந்தும் ஆள்கள் ஓடி வந்தார்கள். காப்பாற்ற வந்தவர்கள், சொந்தக்காரரைத் தேடி வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அதற்குப் பிறகு சரக்கு இருப்பு வைத்திருந்த இடம் வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். அதில் கணிசமானவர்கள் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. ஓடி வந்தவர்கள்.

இங்கே வெடிச்சத்தம் ஜனங்களை விரட்டுவதில்லை, கூப்பிடுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்து ஆபீஸ் எரிந்தால் ஓடிப்போய் ஆளைத் தூக்குவதுதான் இந்த ஊரின் வழக்கம், அந்த வழக்கம் எத்தனையோ பேரைக் காப்பாற்றியும் இருக்கிறது. தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்னால் வந்து சேருவது எப்பவும் பக்கத்து ஊர்க்காரன்தான். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், 20 பேருக்கும் மேல் போனார்கள். 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி, 9 பேர். ஒவ்வொரு தடவையும் வாசலில் கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தைப் பார்த்து ‘வேடிக்கை பார்க்கிற ஜனங்க’ என்று சொல்வது சுலபம்.

அவர்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் கிடைக்காமல்தான் ஓடி வருகிறார்கள். எந்த ஆபீஸ்?

நினைத்துப் பாருங்கள். வீட்டில் இருக்கிறீர்கள். பொண்டாட்டி ஒரு ஆபீஸுக்கு, தங்கச்சி இன்னொரு ஆபீஸுக்கு வேனில் போயிருக்கிறார்கள். வடக்கே ஒரு சத்தம். டெஸ்ட் வெடி இல்லை என்று காதே சொல்லிவிடுகிறது. புகை எழும்புகிறது. அந்தத் திசையில் வரிசையாக ஆலைகள். போன் போட்டால் எடுக்க மாட்டார்கள், ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் நாலு பேர் நாலு ஆலைப் பேரைப் போட்டிருப்பார்கள். பைக்கை எடுக்காமல் வேறு என்ன செய்வீர்கள்?

இந்த மனுஷனுக்கு நம் படைப்பாளிகள் வரைந்த 150 டெசிபல் எட்டுக் கொம்புச் சைரன் என்ன சொல்லும்? ஆபத்து, ஆபத்து என்று சொல்லும். அது அவனுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைப் பற்றி அதனிடம் பதில் இல்லை. இன்னும் சத்தமாக ஊதினால் இன்னும் பத்து ஊர்க்காரர்கள் பைக்கை எடுப்பார்கள், அவ்வளவுதான்.

பதில் சொல்கிற சைரன் கற்பனை இல்லை, ஏற்கெனவே இருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1852-ல் தந்தி வழியே இயங்கும் தீ எச்சரிக்கைப் பெட்டிகளை வைத்தார்கள். தெருமுனைப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பெட்டியை இழுத்தால் அந்த எண் தீயணைப்பு நிலையத்தில் மணியாக அடிக்கும். பிறகு சின்ன ஊர்களில் அதே எண்ணை ஊர் முழுக்கக் கேட்கும்படி காற்று ஊதுகுழலில் ஊதினார்கள். இரண்டு ஊது, இடைவெளி, மூன்று ஊது என்றால் 23-ஆம் பெட்டி. எந்த எண் எந்தத் தெரு என்று அச்சடித்த அட்டை வீட்டுச் சுவரில் தொங்கும். துளைக் கணக்கில் அது கற்பனைச் சைரன்களுக்குப் பக்கத்தில் நிற்காத சாதாரண ஊதல். ஆனால் இடம் சொல்லியது.

நம்ம பக்கத்திலேயே இதைவிட நல்ல உதாரணம் உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு மீனவர் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராமத் தகவல் மையம் வைத்து, கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பது போன்ற செய்திகளைக் குழாய் ஸ்பீக்கரில் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். மையத்து ஸ்பீக்கரில் ஊரைக் காலி பண்ணச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 3,600 பேர் பிழைத்தார்கள். அந்த ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, தேவையும் இல்லை. தினமும் காலையில் அது சொன்ன அலை உயரத்தை நம்பித்தான் கட்டுமரத்தை இறக்கினார்கள். அன்றைக்கும் நம்பினார்கள். அதே ஸ்பீக்கரை ஆபத்துக்கு மட்டும் என்று துணிபோட்டு மூடி வைத்திருந்தால் அன்றைக்கு எத்தனை பேர் எழுந்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. ‘துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று வருஷா வருஷம் கேட்கிறோம். 11 வரைக்கும் எண் உண்டு. அது கப்பல்காரர்களுக்கான பாஷை. அவர்களுக்குத் துல்லியமாகப் புரியும். நமக்கு எண் பெரிசானால் பயம் பெரிசு, அவ்வளவுதான். கற்பனைச் சைரன்கள் அனேகமாக இந்தக் கூண்டு மாதிரி, வரைந்தவருக்கு மட்டும் புரிகிற பாஷை.

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பதால் நானும் ஒன்று வரைந்து பார்த்தேன். படம் இல்லை, விவரக்குறிப்பு மட்டும்.

ஆலைக்குள் வைக்கக் கூடாது. வெடித்தால் முதலில் போவது அதுதான். மருந்து புழங்கும் அறைகளில் மின்சார இணைப்பே இருக்காது, அந்த வளாகத்துக்குள் பத்துக் குதிரைத்திறன் மோட்டாரைச் சுற்ற யாரும் விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஆகவே ஊருக்குள், பள்ளிக்கூட மாடியிலோ தண்ணீர்த் தொட்டி மேலேயோ. கரண்ட் போனாலும் ஊதணும். அதனால் கையால் சுற்றும் சைரன். கேட்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஒரு கிலோமீட்டர் போகாது. போக வேண்டாம், ஊருக்கு ஒன்று இருந்தால் போதும். ஒலி, மில் சங்கு மாதிரி நீளமாக இருக்கக் கூடாது. அந்த ஒலிக்கு இங்கே ‘வா’ என்று அர்த்தம். ஏறி இறங்கி அலறவும் கூடாது. விட்டு விட்டு, குட்டிக் குட்டியாக, எண்ணிக்கையாக ஊதணும். வட்டாரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் கொடுத்தால், எத்தனை ஊது என்பதுதான் எந்தப் பகுதி என்பது. அது முடிந்ததும் கோயில் மைக் செட்டில் ஆலைப் பேர். ‘இன்ன ஆபீஸ். மத்த ஆபீஸ் ஆளுகளுக்கு ஒண்ணுமில்ல. இந்த ஆபீஸ் ஆளுகளோட வீட்டுக்காரங்க பள்ளிக்கூடத்துக்கு வாங்க, பேர் வாசிக்கிறோம். ஆலைப் பக்கம் போகாதீங்க, இன்னும் வெடிக்கும்.’ இதை ஊர்க்காரக் குரலில் சொல்லணும். வானொலிச் செய்தித் தமிழில் சொன்னால் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள்.

இடத்தைச் சொன்னால் கூட்டம் அதிகமாகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திசையைப் புகையே சொல்லிவிடுகிறது, அதை மறைத்து லாபமில்லை. பேரைச் சொன்னால், தன் ஆள் அங்கே இல்லை என்று தெரிந்தவர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள் என்பது என் எண்ணம். வேடிக்கை பார்க்க மட்டும் வருகிறவர்களைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். தன் ஆள் அங்கேதான் இருக்கிறாள் என்று தெரிந்தவனை எந்தச் சைரனும் நிறுத்தாது. அவனுக்கு ஓட வேறொரு இடம் கொடுக்கலாம், அவ்வளவே. அதற்குத்தான் பள்ளிக்கூடம்.

பேர் வாசிக்கணும் என்றால் பட்டியல் வேண்டும். வருகைப் பதிவேடு ஆலைக்குள் இருந்தால் அதுவும் எரிந்துவிடும். பதிவேட்டில் ஏறாத கைகளும் இந்தத் தொழிலில் உண்டு. ஆனால் காலையில் ஆளை ஏற்றி இறக்கின வேன் டிரைவருக்கு யார் யார் வந்தார்கள் என்று தெரியும். என் விவரக்குறிப்பின் முக்கியமான பாகம் அந்த டிரைவர் சட்டைப்பையில் இருக்கும் ஒரு துண்டுச் சீட்டு. முப்பரிமாணத்தில் வரைய அதில் ஒன்றும் இல்லை.

செல்போனுக்கே எச்சரிக்கை வந்துவிடுகிறதே என்று இன்னொரு நண்பர் கேட்டார். 2023 அக்டோபரில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்தச் சோதனை. அது நல்ல வசதி. குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் மட்டும் அனுப்ப முடியும் என்பதால் இந்த வேலைக்குப் பொருத்தமும்கூட. ஆனால் செய்தி எங்கிருந்தோ ஒரு அலுவலகத்தில் உறுதிசெய்யப்பட்டு, ஆலைப் பேர் சரிபார்க்கப்பட்டு வரணும். முதல் வெடிக்கும் இரண்டாவது வெடிக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்துக்குள் அது வந்தால் மைக் செட்டைக் கழற்றிவிடலாம்.

எனக்கே தீராத சிக்கல் ஒன்று பாக்கி இருக்கிறது. யார் சுற்றுவது? ஆலை முதலாளியிடம் கைப்பிடியைக் கொடுத்தால் போபால். சின்னத் தீயாக இருந்தால் ஊருக்குத் தெரியாமல் அணைத்துவிடப் பார்ப்பார். தீயணைப்பு நிலையத்திடம் கொடுத்தால் அவர்கள் ஏற்கெனவே வண்டியில் ஏறியிருப்பார்கள். ஊர்க்காரரிடம் கொடுத்தால், அன்றைக்கு வெடித்த ஆபீஸில் அவர் வீட்டு ஆள் இருக்கலாம். அவரும் பைக்கை எடுக்கிறவர்தான். இப்போதைக்கு நான் எழுதி வைத்திருப்பது பள்ளிக்கூட ஆசிரியர்கள், இரண்டு பேர், முறைவைத்து. பட்டாசு ஆலைகள் இயங்குவது பகலில், பள்ளிக்கூடமும் பகலில். ஞாயிற்றுக்கிழமைக்கும் கோடை விடுமுறைக்கும் பதில் இல்லை. மே மாசம் பள்ளி பூட்டியிருக்கும், வெயிலும் அப்போதுதான் உச்சம். சைரன் வரைகிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த மாடலில் கொம்பு எத்தனை என்பதை விட்டுவிட்டு இந்த மே மாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.